கருவியின் எடையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இதழில், முதுகில் டிரான்ஸ்மிட்டருடன் இந்தியாவைக் கடந்து ஆப்பிரிக்கா போன அமூர் வல்லூறைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நன்றாக இருந்தது, இரண்டு தடவை படித்தேன். அதற்கு வந்த வாசகர் கடிதங்கள் இரண்டுதான் என்னை எழுத வைத்தன. ஒருவர், வாயில்லா ஜீவன் முதுகில் இயந்திரத்தைக் கட்டுவது வதை, தடை செய்யுங்கள் என்கிறார். இன்னொருவர், செல்போன் சிப் மாதிரி ஏதோ ஒன்றை ஒட்டிவிட்டால் முடிந்தது, இதற்கா இத்தனை செலவு என்று கேட்கிறார். முதலாமவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாமவர் சொல்வது தவறு. எப்படித் தவறு என்று சொன்னால் முதலாமவருக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் வானொலி உரிமம் உண்டு. சின்ன டிரான்ஸ்மிட்டர் செய்வதில் பல வருடப் பைத்தியம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பட்டன் செல்லில் பொடிசாக ஒன்று கிடைக்கிறது, 0.13 கிராம் எடை, ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அதில் இருக்கும் மின்சாரம் ஏறக்குறைய 8 மில்லிஆம்பியர்-மணி. இதை வைத்து 2 மில்லிஆம்பியர் இழுக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரை நிறுத்தாமல் ஓட்டினால் நான்கு மணி நேரத்தில் செல் காலி. அதே டிரான்ஸ்மிட்டரை இரண்டு நொடிக்கு ஒரு தடவை, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் 'பிப்' என்று சொல்லிவிட்டுத் தூங்கச் சொன்னால், சராசரியாக 20 மைக்ரோஆம்பியர்தான் செலவு. நானூறு மணி நேரம், அதாவது பதினாறு நாட்களுக்கு மேல் ஓடும். கருவி அதேதான், செல்லும் அதேதான், பேசும் நேரத்தை மட்டும்தான் நூறில் ஒன்றாகக் குறைத்தோம். இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம் எல்லாமே இங்கேதான் இருக்கிறது. செல்போன் சிப் வருடா வருடம் சிறிதாகிறது, வாஸ்தவம்தான், ஆனால் ஒரு கிராம் பேட்டரியில் அடைக்க முடிகிற சக்தி அந்த வேகத்தில் கூடுவதில்லை, ஆண்டெனாவின் நீளத்தைத் தீர்மானிப்பது அலைநீளம், அதுவும் நம் இஷ்டத்துக்குக் குறையாது. 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஒழுங்கான ஆண்டெனா என்றால் அரை மீட்டர் கம்பி வேண்டும். சிட்டுக்குருவி அளவு பறவைக்கு அரை மீட்டர் வாலை எப்படிக் கட்டுவது? ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டுகிறார்கள், அப்போது சக்தியில் பெரும்பகுதி காற்றில் போகாமல் வீணாகிறது. போதாக்குறைக்கு உடம்பு என்பது உப்புத் தண்ணீர், அது தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்துவிடுகிறது.

அப்புறம் எப்படித்தான் கேட்கிறது? தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். எண்பதுகளில் எங்கள் ஊர் மொட்டைமாடிகளில் எல்லாம் ரூபவாஹினி பார்க்க ஆண்டெனா கட்டியிருந்தோம். இலங்கையில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் பவரைக் கூட்ட நம்மால் முடியுமா? முடியாது. அதனால் நம் பக்கத்துக் கம்பத்தை உயர்த்தினோம், ஆண்டெனாவில் கம்பிகளைக் கூட்டினோம், ஒருவர் மேலே நின்று திருப்ப, கீழேயிருந்து "வருதா, இப்ப வருதா" என்று கத்தினோம். பறவையைத் தேடுகிறவர் கையில் பிடித்திருப்பதும் அதே யாகி ஆண்டெனாதான், அவர் செய்வதும் அதே வேலைதான். பறவை மீதிருக்கும் கருவியின் பவரை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் திறந்தவெளியில் கேட்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். அந்தப் பாதியையும் நல்ல ஆண்டெனா, நல்ல ரிசீவர், கூடக் கொஞ்சம் அலைச்சல் என்று நம் பக்கத்தில் மீட்டுவிடலாம். பறவையின் முதுகிலிருந்து இறக்கும் ஒவ்வொரு கிராமையும் நாம் சுமக்க வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரிதான்.

இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இல்லினாயைச் சேர்ந்த வில்லியம் காக்ரன். 1960களின் தொடக்கத்தில், காட்டு விலங்குகளுக்கான ரேடியோ கருவி என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லாத காலத்தில், அதை உருவாக்கியவர். அந்த வகைக் கருவிகளின் சர்க்யூட்டைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும், அவ்வளவு சிக்கனம். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், விரல்விட்டு எண்ணக்கூடிய உதிரிகள். விட்டு விட்டு 'பிப்' சொல்வதற்குத் தனியாக டைமர் கிடையாது. ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த டிரான்சிஸ்டரையே மூச்சுத் திணற வைத்து நிறுத்தும், மறுபடி மூச்சு வந்ததும் அது தானாகக் கிளம்பும். அந்த ரெசிஸ்டரின் இடத்தில் சூட்டுக்கு ஏற்ப மாறும் தெர்மிஸ்டரை வைத்துவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை 'பிப்' என்று எண்ணியே பறவையின் உடல் சூட்டைச் சொல்லிவிடலாம். கூடுதல் எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

1973ல் அவர் ஸ்வைன்சன் திரஷ் என்னும் பறவையில், முப்பது கிராம்தான் இருக்கும், இப்படி ஒரு கருவியைப் பொருத்தி விட்டார். அது இரவில் வலசை கிளம்பியதும் கூரையில் ஆண்டெனா வைத்த வண்டியில் பின்னாலேயே போனார். இரவெல்லாம் ஓட்டுவது, பகலில் பறவை இறங்கி ஓய்வெடுக்கும்போது தானும் நிற்பது, இருட்டியதும் மறுபடி ஓட்டுவது. இல்லினாயிலிருந்து கனடாவின் மனிடோபா வரை, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். சாலை ஒரு பக்கம் போகும், பறவை ஒரு பக்கம் போகும், நினைத்துப் பாருங்கள். அந்தக் கருவியைச் சக்தி வாய்ந்ததாகச் செய்திருந்தால் இவர் இத்தனை நெருங்கிப் பின்னால் ஓடியிருக்க வேண்டாம், ஆனால் பறவை பறந்திருக்காது. முப்பது வருடம் கழித்து, 2004ல், இவரும் மௌரிட்சன், விகெல்ஸ்கி என்ற இருவரும் சேர்ந்து, இந்த வகைப் பறவைகள் ஒவ்வொரு நாளும் அந்தி வெளிச்சத்தைப் பார்த்துத் தங்கள் காந்தத் திசைகாட்டியைச் சரிசெய்துகொள்கின்றன என்று காட்டினார்கள். அதற்கும் இதே மாதிரி முதுகில் ஒரு துளி டிரான்ஸ்மிட்டரும், பின்னால் இரவெல்லாம் ஓடிய வண்டியும்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஹோமர் புறா, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் வகை, வளர்க்கிறான். அவன் புறாவுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து கொடுத்தேன். முதல் கருவி 21 கிராம். புறா 400 கிராமுக்கு மேல் இருந்தது, ஐந்து சதவீதம்தானே, தாங்கும் என்று நினைத்தேன். கட்டிவிட்டதும் அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். "மாமா, அது றெக்கையை விரிச்சுப் பாத்துட்டு மடக்கிக்குது மாமா, கழட்டிருங்க" என்று பையன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். சாயங்காலமே கழற்றிவிட்டோம். மறுநாள் தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு பாகமாக எடை போட்டேன். சர்க்யூட் ஒரு கிராம்கூட இல்லை! மீதி எல்லாம் பிளாஸ்டிக் பெட்டி, செல்லை மாட்டும் ஹோல்டர், பெரிய செல், தாராளமாக ஊற்றிய எபாக்சி பசை, வார். நான் நினைத்துக்கூடப் பார்க்காத சாமான்களைத்தான் அந்தப் புறா தூக்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பெட்டி போனது. ஹோல்டர் போனது. செல்லின் மேலேயே சால்டர் வைத்தேன், சூட்டில் செல் உப்பிச் செத்தது, சால்டர் வைப்பதற்கென்றே சின்ன உலோகத் தகடு வைத்து வரும் செல்லைத்தான் வாங்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது. எபாக்சியை நகப்பூச்சு மாதிரி மெல்லியதாகப் பூசினேன். கடைசியில் வாருடன் சேர்த்து 6 கிராம். கோவில்பட்டியில் கொண்டுபோய் விட்டோம். மொட்டைமாடியில் ரிசீவருடன் நின்றிருந்தோம், கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாதபோதே காதில் 'பிப், பிப்' என்று வந்துவிட்டது. வடமேற்கே கையை நீட்டி "அங்கதான் மாமா, அங்கதான்" என்று அந்தப் பையன் குதித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஐந்தாம் நாள் ஆண்டெனா கம்பி அடியில் ஒடிந்தது, பறக்கும்போது ஆடி ஆடி வேரில் அற்றுப்போகும், அதற்கு முறுக்கிய எஃகு இழை வேண்டும். அது வேறு கதை. (இளைஞர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் காட்டுப் பறவையைப் பிடித்துக் கட்டிப் பார்க்காதீர்கள். அனுமதி இல்லாமல் பிடிப்பதே 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

சரி, இப்போது வதை என்று எழுதிய வாசகருக்கு வருகிறேன். அவர் பயம் வெறும் பயம் இல்லை. உடல் எடையில் மூன்று சதவீதம், ஐந்து சதவீதம் என்று ஒரு வரம்பை இந்தத் துறையில் சொல்கிறார்கள். அந்த வரம்புக்குள் இருந்தால் பாதிப்பே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது, என் புறாவே சாட்சி. பறவைகளில் டிரான்ஸ்மிட்டரின் விளைவைப் பற்றிய 84 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2010ல் வந்தது. கூடு கட்டுவது குறைகிறது, சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்று பல பாதகங்களை அது காட்டியது. பென்குவின் விஷயம் இன்னும் கொடுமை. அதில் டிரான்ஸ்மிட்டர்கூட இல்லை, அடையாளத்துக்குத் துடுப்புச் சிறகில் மாட்டும் ஒரு உலோகப் பட்டை மட்டும்தான். ராஜ பென்குவின்களைப் பத்து வருடம் கவனித்து 2011ல் வெளியிட்டார்கள். பட்டை மாட்டியவை உயிர் பிழைப்பது 16 சதவீதம் குறைவு, குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. பல வருடங்களாகப் பட்டை மாட்டி எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எடையை விட நீரிலும் காற்றிலும் உண்டாகும் இழுவைதான் பல உயிர்களுக்கு எமன்.

ஆனால் தடை செய்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 2012ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பக்கத்தில் ஒரே பருவத்தில் லட்சத்துக்கும் மேல் அமூர் வல்லூறுகள் வலையில் சிக்கிக் கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அடுத்த வருடம் நவம்பரில் மூன்று பறவைகளுக்கு 5 கிராம் சூரிய ஒளிக் கருவி பொருத்தி விட்டார்கள், நாகா, வோக்கா, பாங்டி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். நேற்று வரை வலை விரித்த ஊர்களிலேயே அதற்குள் வேட்டை நின்றிருந்தது. அதற்குக் கருவி காரணம் என்று சொல்ல மாட்டேன், ஊர்க்காரர்கள் எடுத்த முடிவு அது. ஆனால் தங்கள் ஊர்ப் பெயர் சொல்லும் பறவை கடல் தாண்டி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஊரில் மறுபடி வலை விரிப்பது லேசு இல்லை.

அந்த 5 கிராம் எப்படி சாத்தியமாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கருவி ஜி.பி.எஸ். வைத்து இடத்தைக் கணக்கிடுவது இல்லை. ஒரே அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கிறது, அவ்வளவுதான். ரயில் கூவிக்கொண்டு வரும்போது ஒரு சுதியும் கடந்துபோகும்போது ஒரு சுதியும் கேட்கும் அல்லவா, அதே மாதிரி 850 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் செயற்கைக்கோள் அந்தக் குரலின் சுதி மாறுவதை வைத்துப் பறவையின் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. கணக்குப் போடுவது நம் வேலை, பறவையின் வேலை இல்லை. அப்படியும் ஏறக்குறைய 150 கிராம் பறவைக்கு 5 கிராம் என்றால் மூன்று சதவீதத்துக்கு மேலேதான் வருகிறது.

பூச்சிகளிடம் வரும்போதுதான் கை நடுங்கும். 2006ல் அமெரிக்காவில் பச்சைத் தட்டான்களுக்கு 0.3 கிராம் டிரான்ஸ்மிட்டரைப் பொய் இமை ஒட்டும் பசையாலும் சூப்பர் க்ளூவாலும் ஒட்டி, விமானத்திலும் தரையிலும் பின்தொடர்ந்தார்கள். தட்டானின் எடையே 1.2 கிராம் போலத்தான், ஆக கால் பங்கு சுமை! இரை பிடித்துத் தூக்கிப் பழகியது, தாங்கும் என்று காரணம் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கிடைத்த விஷயம் அருமை: இரண்டு இரவுகள் அடுத்தடுத்துக் குளிர் கூடினால்தான் அவை வலசை கிளம்புகின்றன. இதை விட எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1990களில் தேனீக்களுக்குச் செய்தது. அதில் பேட்டரியே கிடையாது. சில மில்லிகிராம் எடையில் ஒரு மெல்லிய கம்பி, நடுவில் ஒரு டயோடு. வண்டியில் ஏற்றிய பெரிய ராடார் 9.4 கிகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பும், அந்த டயோடு அதை இரட்டிப்பாக்கி 18.8 கிகாஹெர்ட்ஸில் திருப்பிவிடும். மரமும் மண்ணும் அப்படி இரட்டிப்பாக்காது என்பதால் தேனீ மட்டும் தனியாகத் தெரியும். தேனீயின் நடனத்தைப் பார்த்த மற்ற தேனீக்கள் நிஜமாகவே அது சொன்ன திசையில்தான் பறக்கின்றனவா என்று பல வருடம் நடந்த சண்டையை 2005ல் இதை வைத்துத்தான் தீர்த்தார்கள். ஆமாம், அந்தத் திசையில்தான் பறக்கின்றன. தேனீ சுமந்தது சில மில்லிகிராம், மனிதன் சுமந்தது ஒரு வண்டி.

2025ல் அமெரிக்காவில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு 60 மில்லிகிராமில் சூரிய ஒளிக் கருவியே வந்துவிட்டது, வழியில் இருப்பவர்களின் செல்போன்களே அதற்கு ரிசீவர். மீன்களுக்கு வேறு வழி. கடல் நீரில் ரேடியோ அலை போகாது, அதனால் மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலி. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று வழியாகக் கடலுக்குப் போகும் சால்மன் மீன் குஞ்சுகளுக்கு 217 மில்லிகிராமில் ஒன்று செய்திருக்கிறார்கள், அறுத்துத் தைக்காமல் ஊசியாலேயே உள்ளே செலுத்திவிடலாம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் ஊர்த் தட்டான்தான் ஞாபகத்துக்கு வரும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்று பாட்டி சொல்வாள். அந்தக் கூட்டத்தில் ஒரு வகை, 0.3 கிராம்தான் எடை, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009ல் எழுதினார். அமூர் வல்லூறுகள் கடலுக்கு மேல் இந்தத் தட்டான்களைத் தின்றுகொண்டே போகக்கூடும் என்றும் அவர் கருதுகிறார். மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கையில் உள்ள ஹைட்ரஜனை ஆராய்ந்தவர்கள், அவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்றார்கள். ஆனால் ஒரே ஒரு தட்டானைக் கூடவே போய்க் கரை சேர்த்தவர் யாரும் இல்லை. வல்லூறின் முதுகில் கருவி இருக்கிறது, அது தின்னும் தட்டானுக்கு இல்லை. 2006ல் ஒட்டிய கருவியை இதன் மேல் வைத்தால் தட்டானும் கருவியும் சம எடை!

இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று உங்களுக்கு. இனி கருவி பொருத்திய எந்த உயிரைப் பற்றிச் செய்தி போட்டாலும், அந்த உயிரின் எடை என்ன, கருவியின் எடை வாரோடும் பசையோடும் சேர்த்து என்ன, அது எப்போது எப்படிக் கழன்று விழும் என்று நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். 2023ல் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது அதன் காலர் எங்கே சிக்னல் கொடுத்தது என்று தினமும் எழுதினீர்கள், அந்தக் காலர் என்ன எடை என்று நான் எங்கும் படிக்கவில்லை.

இன்னொன்று நம் பொறியியல் கல்லூரிகளுக்கு. கடைசி வருட மாணவர்கள் கடையில் கிடைக்கும் போர்டை வாங்கி, நாலு சென்சாரைக் கோர்த்து, கையளவு பேட்டரியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு மாணவராவது 0.13 கிராம் செல்லில் பதினாறு நாள் ஓடும் ஒன்றைச் செய்து காட்டட்டும், கோழியோ புறாவோ கட்டிப் பார்க்க வீட்டிலேயே கிடைக்கும். அப்புறம், கனடாவில் தொடங்கிய மோட்டஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அதில் கருவிகள் ஒரே அலைவரிசையில் தத்தம் எண்ணைச் சொல்லும், ஊர் ஊராகக் கூரையில் வைத்த ரிசீவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைக்கு வளையம் மாட்டிய கோடியக்கரையிலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரை ஓரம் எத்தனை கல்லூரிகள், எத்தனை மொட்டைமாடிகள்! இங்கே நாலு ரிசீவர் நின்றால், அந்தப் பக்கம் வரும் சின்ன உள்ளான்களின் முதுகில் எத்தனை கிராம் குறையும்.

அப்படி எந்தக் கல்லூரியாவது கூரையில் இடம் தந்தால் ஆண்டெனாவை நானே கட்டித் தருகிறேன். ரூபவாஹினிக்கு நட்ட இரும்புக் கம்பம் ஒன்று என் வீட்டு மாடியில் இன்னும் துருவேறாமல் நிற்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய தொலைபேசி ஊழியர்,
தூத்துக்குடி